பொனேரில் ஸ்கூபா டைவிங் விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியனில் எத்தனையோ தீவுகள் இருக்க, ஏன் பொனேர்?

கடலுக்குள் போக அங்கே படகு தேவையில்லை என்பதால். மற்ற தீவுகளில் பெரும்பாலும் காலை எட்டு மணிக்குப் படகுத்துறையில் நிற்க வேண்டும், படகுக்காரர் கூட்டிப்போகிற இடத்தில் இறங்க வேண்டும், கூட வருபவர்களின் வேகத்துக்கு நீந்த வேண்டும். பொனேரில் ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் நாலு காற்றுச் சிலிண்டரைப் போட்டுக்கொண்டு, கடற்கரைச் சாலையில் போகலாம். சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் டைவ் இடங்களின் பெயர் எழுதியிருக்கும். பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, துணையோடு நடந்தே கடலில் இறங்கலாம். தீவிலும், எதிரே உள்ள கிளைன் பொனேர் குட்டித் தீவிலுமாக 80க்கும் மேற்பட்ட டைவ் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கரையிலிருந்தே போகலாம்.

இந்தச் சுதந்திரம்தான் பொனேரின் பெரிய வரம். ஆனால் வழிகாட்டி இல்லாமல் இறங்கும்போது திசை, ஆழம், சிலிண்டரில் மிஞ்சும் காற்று எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

தீவு எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

வெனிசுவேலா கடற்கரைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில். அரூபா, குராசாவோ ஆகியவற்றோடு சேர்ந்த மூன்றாவது தீவு. பரப்பு 288 சதுர கிலோமீட்டர், தலைநகர் கிராலன்டைக். 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருக்கிறது. டச்சு ஆட்சிமொழி. மக்கள் வீட்டில் பேசுவது பாப்பியமெந்து. ஆங்கிலம் எங்கும் செல்லும்.

ஐரோப்பா வழியென்றால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து விமானம், ஏறக்குறைய பத்து மணி நேரம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மயாமி, அட்லான்டா, ஹூஸ்டன் போன்ற நகரங்களிலிருந்து நேர் விமானங்கள் உண்டு. எல்லா நாளும் கிடைக்காது. அதனால் முதலில் விமானத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் விடுமுறைத் தேதியைக் குறியுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு விசா வேண்டுமா?

வேண்டும். பொனேர் நெதர்லாந்துக்குச் சொந்தமானாலும் ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேராது. டச்சுத் தூதரகம் வழியாகக் கரீபியன் விசா என்று தனியாக வாங்க வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வசிப்புரிமை உள்ளவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்பதை நெதர்லாந்து அரசின் தளத்தில் பார்த்து உறுதி செய்த பிறகே டிக்கெட் எடுங்கள். அமெரிக்கா வழியாக விமானம் மாறுவதாக இருந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டாலும் அமெரிக்க விசா தேவை. பலர் இதைக் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

எந்த மாதம் நல்லது? புயல் பயம் இல்லையா?

பொனேர் புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. மற்ற கரீபியத் தீவுகள் ஆகஸ்ட், செப்டம்பரில் வானத்தைப் பார்த்தபடி இருக்க, இங்கே டைவிங் நடந்துகொண்டிருக்கும். இதனால் புயலே வராது என்றில்லை. 1999 நவம்பரில் லென்னி என்ற புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தது. அது தீவுக்கு வெகு வடக்கே போனபோதும், மேற்குக் கரையில் மோதிய அலைகள் ஆழம் குறைந்த பவளங்களை நொறுக்கிப் போட்டன. 2008இல் ஓமர் புயலும் மேற்குக் கரைக்கு இப்படி அலையைக் கொண்டுவந்தது.

தண்ணீர் ஆண்டு முழுக்க 26 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை. ஆண்டின் முதல் பாதியில் வணிகக் காற்று பலமாக வீசும், மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் காற்று தணியும், தண்ணீர் வெதுவெதுப்பாகும், கொசுவும் கூடும். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை கூட்டமும் வாடகையும் அதிகம். என்னைக் கேட்டால் மே, ஜூன். மழை இல்லை, கூட்டம் இல்லை.

எனக்கு டைவிங் தெரியாது. அங்கேயே போய்க் கற்றுக்கொள்ளலாமா?

கற்றுக்கொள்ளலாம், நல்ல பயிற்சி மையங்கள் இருக்கின்றன. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவு செலவழித்துப் போன இடத்தில் முதல் நாலு நாளை வகுப்பிலும் நீச்சல் குளத்திலும் கழிப்பது வீண். புதுச்சேரியிலோ அந்தமானிலோ, வெளிநாட்டில் இருந்தால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலோ, ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் சான்றிதழை முடித்துவிடுங்கள். அதோடு 18 மீட்டர் வரை போகலாம். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழ் இருந்தால் 30 மீட்டர் வரை.

சான்றிதழைவிட முக்கியம், மிதப்பைக் கட்டுப்படுத்தும் பழக்கம். கையை வீசாமல், தரையைத் தொடாமல், பவளத்துக்கு ஒரு மீட்டர் மேலே ஒரு நிமிடம் அசையாமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் நீங்கள் பொனேருக்குத் தயார். முடியாவிட்டால் இன்னும் சில டைவ்களை ஊரிலேயே செய்துவிட்டு வாருங்கள். சான்றிதழ் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் தண்ணீரில் இறங்காதவர்களுக்கு, கிளம்பும் முன் ஒரு மறுபயிற்சி கட்டாயம்.

குழந்தைகள் பத்து வயதில் ஜூனியர் ஓப்பன் வாட்டர் படிக்கலாம். பத்து, பதினோரு வயதில் ஆழ வரம்பு 12 மீட்டர்தான்.

போய் இறங்கியதும் என்னென்ன செய்ய வேண்டும்?

இரண்டு கட்டணங்கள் உண்டு. ஒன்று நுழைவு வரி, 2022 ஜூலையிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு 75 டாலர். ஊரிலேயே இணையத்தில் கட்டிவிட்டால் விமான நிலையத்தில் நிற்க வேண்டாம். இன்னொன்று தீவைச் சுற்றிய பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியான கடல் பூங்காவுக்கான இயற்கைக் கட்டணம், தற்போது 40 டாலர். அது ஸ்டினாப்பா என்ற பாதுகாப்பு அமைப்புக்குப் போகிறது. ரோந்து, படகு கட்டும் மிதவைகளின் பராமரிப்பு, ஆய்வு எல்லாம் அதிலிருந்துதான் நடக்கிறது. இதைக் கட்டுவதற்கு யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

அப்புறம் டைவ் கடையில் ஓர் அறிமுக வகுப்பும், அதைத் தொடர்ந்து ஒரு சோதனை டைவும். இவை முடிந்த பிறகே நீங்களாக எங்கும் இறங்கலாம். எவ்வளவு அனுபவசாலியானாலும் விலக்கில்லை. அந்த முதல் டைவில் எடைக்கட்டிகளைச் சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வாரம் முழுவதும் அது உதவும்.

கரையிலிருந்து டைவ் செய்வது நடைமுறையில் எப்படி இருக்கும்?

மணல் கடற்கரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெரும்பாலான இடங்களில் கரை என்பது உடைந்த பவளத் துண்டுகளும் வழுக்கும் பாறையும்தான். அதனால் தடித்த அடிப்பாகம் கொண்ட டைவிங் பூட்ஸும், பின்பக்கம் பட்டை வைத்து, காலில் மாட்டும் துடுப்பும் அவசியம். வெறுங்காலில் மாட்டும் துடுப்பு இங்கே உதவாது.

வண்டியிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, துடுப்பைக் கையில் பிடித்தபடி நடங்கள். இறங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும், நடுவில் ஓர் அமைதி வரும், அந்த அமைதியில் போக வேண்டும். துணையின் தோளையோ கையையோ பிடித்துக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. இடுப்பளவு தண்ணீர் வந்ததும் பிசிடி எனும் மிதப்புச் சட்டையில் காற்றை ஏற்றி மிதந்துவிட்டு, துடுப்பை மாட்டுங்கள். கால் தடுமாறி மூட்டு பிசகுவதெல்லாம் முழங்காலளவு தண்ணீரில்தான் நடக்கிறது, ஆழத்தில் இல்லை.

பிறகு ஆழம் குறைந்த மணல் மேடையைக் கடந்து கொஞ்ச தூரம் நீந்தினால் சுமார் பத்து மீட்டர் ஆழத்தில் பவளச் சரிவு தொடங்கும். சரிவு தொடங்குகிற இடத்தில் ஓர் அடையாளத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: மிதவையின் கல், பெரிய மூளைப் பவளம், ஏதாவது ஒன்று. நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து, முதலில் அதை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து விடும். சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. வரும் வழியில் ஆழம் குறைந்த பகுதியிலேயே மெல்ல நீந்தினால் மேலே வரும் முன் சில நிமிடம் ஆழம் குறைந்த இடத்தில் தங்கும் பாதுகாப்பு நிறுத்தம் தானாகவே முடிந்துவிடும். பார்ப்பதற்கு மிக அதிகம் இருப்பதும் அந்த ஐந்து முதல் பன்னிரண்டு மீட்டரில்தான். ஆழமாகப் போனால்தான் நல்ல டைவ் என்ற எண்ணத்தை பொனேரில் விட்டுவிடலாம்.

தவறவிடக் கூடாத இடங்கள் எவை?

சால்ட் பியர் எனக்கு முதலிடம். தீவின் தெற்கே உப்பளங்களிலிருந்து கப்பலில் உப்பு ஏற்றும் துறை அது. கடலுக்குள் நிற்கும் இரும்புத் தூண்கள் முழுக்கக் கடற்பஞ்சும் பவளமும் படர்ந்திருக்கின்றன. தூண்களுக்கு நடுவே வெளிச்சம் சாய்ந்து இறங்க, மீன் கூட்டம் கலையாமல் நிற்கும். சீலா மீனும், டார்பன் என்ற பெரிய வெள்ளி நிற மீனும் நிழலில் காத்திருக்கும். ஆழமும் அதிகம் இல்லை. கப்பல் கட்டியிருக்கும் நாளில் இறங்க அனுமதி கிடையாது. காலையில் டைவ் கடையில் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஹில்மா ஹூக்கர் 72 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல். 1984இல் இயந்திரம் பழுதாகி இங்கே வந்து சேர்ந்தது. சுங்க அதிகாரிகள் சோதித்தபோது போலிச் சுவருக்குப் பின்னால் பெருமளவு கஞ்சா கிடைத்தது. உரிமையாளர் என்று யாரும் முன்வரவில்லை. தண்ணீர் புகுந்துகொண்டிருந்த கப்பலைத் துறையிலிருந்து நகர்த்தி வைத்தார்கள். அது செப்டம்பர் 12 அன்று இரண்டு பவளத் திட்டுகளுக்கு நடுவே மணலில் மூழ்கியது. இப்போது வலப்பக்கமாகச் சாய்ந்து 30 மீட்டரில் கிடக்கிறது. மேல் விளிம்பு 18 மீட்டர் அளவில் இருப்பதால் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் உள்ளவர்கள் அதன் மேல்பகுதியைச் சுற்றிப் பார்க்கலாம். அதற்கான பயிற்சி இல்லாமல் கப்பலுக்குள் நுழைய வேண்டாம்.

வடக்கே ‘ஆயிரம் படிகள்’ என்ற இடம். இருப்பது எழுபதுக்கும் குறைவான படிகள், சிலிண்டரோடு ஏறும்போதுதான் ஆயிரமாகத் தெரியும். ஆமைகளுக்குப் பேர்போனது. இன்னும் வடக்கே கர்பாட்டா. நகரை ஒட்டிய பாரி ரீஃப் மீன் வகைகளுக்காக. தெற்கே ஆலிஸ் இன் வொண்டர்லாந்து, ஏஞ்சல் சிட்டி போன்ற இடங்களில் கரைக்கு இணையாக இரட்டைப் பவளத் திட்டு, நடுவில் மணல் வாய்க்கால். தென்கோடியில் ரெட் ஸ்லேவ் இருக்கிறது. அங்கே நீரோட்டம் வேகமாக இருக்கும், புதியவர்களுக்கு அல்ல.

ரெட் ஸ்லேவ், வைட் ஸ்லேவ் என்ற பெயர்களின் கதை கரையிலேயே நிற்கிறது. உப்பளத்தில் வேலை செய்த அடிமைகள் தங்க 1850 வாக்கில் கட்டிய குடிசைகள் அவை. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். டச்சுக் கரீபியனில் அடிமைமுறை 1863இல்தான் ஒழிந்தது. அந்த இடத்தில் உடை மாற்றிவிட்டு உடனே கிளம்பாமல், ஒரு குடிசைக்குள் குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்படியானால் படகில் போகவே வேண்டாமா?

ஒன்றிரண்டு முறை போகலாம். மனிதர் வசிக்காத கிளைன் பொனேர், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். அதைச் சுற்றியுள்ள பவளத்தைப் பார்க்கப் படகுதான் வழி. கிழக்குக் கரையில் காற்றும் அலையும் முரட்டுத்தனமானவை. அங்கே அந்தப் பகுதியை அறிந்த வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

இரவு டைவ் செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள், பகலில் ஏற்கெனவே இறங்கிப் பார்த்த இடத்தில். ஆளுக்கு இரண்டு விளக்கு வேண்டும். ஒடித்தால் ஒளிரும் ரசாயனக் குச்சிகளுக்குப் பூங்காவில் அனுமதி இல்லை, பேட்டரி விளக்குதான். உறங்கும் கிளிமீன், இரை தேடும் பேய்க்கணவாய் இவற்றையெல்லாம் பார்க்கலாம். டார்பன்கள் உங்கள் விளக்கின் ஒளியிலேயே வேட்டையாடும், திடீரென்று காதோரம் கடந்து போகும். பயப்பட வேண்டாம், உங்களை ஒன்றும் செய்யாது.

பௌர்ணமி கழிந்த இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் நீங்கள் அங்கே இருந்தால், சூரியன் மறைந்து நன்றாக இருட்டுவதற்கும் நிலா எழுவதற்கும் நடுவே கடலில் இருக்கப் பாருங்கள். ஆஸ்ட்ரகாட் என்ற கடுகளவு உயிரினங்கள் இணை தேடி நீல ஒளிப் புள்ளிகளைச் சரம் சரமாக விடும் நேரம் அது. விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துப் பயணத்தேதியை வைக்க இது ஒன்றே போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை டைவ்?

சிலிண்டர்கள் பெரும்பாலும் நாள் கணக்கில், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் விற்கப்படுகின்றன. அதனால் நாலைந்து என்று ஆசை வரும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று போதும். நாள் போகப் போக உடலில் நைட்ரஜன் சேர்ந்துகொண்டே வரும். வாரத்தின் நடுவில் ஒரு நாள் ஓய்வு வையுங்கள். நைட்ரஜன் குறைந்த, ஆக்ஸிஜன் கூடிய நைட்ராக்ஸ் என்ற காற்றுக் கலவை தீவில் சுலபமாகக் கிடைக்கிறது. அதற்கான சான்றிதழை வாங்கி வைத்திருப்பது பயன் தரும்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே, பல நாள் டைவ் செய்தவர்களுக்குக் குறைந்தது 18 மணி நேரம் என்பது பொது வழிகாட்டல். ஒரு முழு நாளாக வைத்துக்கொள்வது உத்தமம்.

உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

உடலில் சேர்ந்த நைட்ரஜன் குமிழியாகி வரும் டைவிங் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை கிராலன்டைக் மருத்துவமனையில் இருக்கிறது. சிறிய தீவுக்கு இது பெரிய விஷயம். ஆனால் சிகிச்சைச் செலவு அதிகம், சாதாரணப் பயணக் காப்பீடு டைவிங்கை ஏற்காமல் போகலாம். டைவிங்குக்கான தனிக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள். ஆஸ்துமா, இதய நோய், ரத்த அழுத்தம், காது அறுவை சிகிச்சை போன்றவை இருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். அங்கே போய் மருத்துவப் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுத நேர்ந்தால் டைவ் தள்ளிப்போகும். தோளில் வலி, விரலில் மரத்துப்போதல், வழக்கமில்லாத களைப்பு எதுவானாலும் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று இருக்காமல் உடனே சொல்லுங்கள்.

எதை எடுத்துப்போவது, எதை அங்கே வாடகைக்கு எடுப்பது?

முகமூடி, பூட்ஸ், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கணினி மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். மற்றது எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள டைவிங் உடை பெரும்பாலானவர்களுக்குப் போதும். மேலே இருப்பவர்களுக்கு நீங்கள் தெரியும்படி காற்றடைத்து நிறுத்தும் மிதவைக் குழாயும் விசிலும் ஆளுக்கு ஒன்று வேண்டும். கையுறை வேண்டாம், பூங்காவில் அதற்குத் தடை. கையுறை இருந்தால் கை பவளத்தைப் பிடிக்கப் போகும் என்பதுதான் காரணம். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில் பூச்சுகளுக்கும் தடை உண்டு. முழுக்கைச் சட்டை அதைவிட நல்லது. மின்சாரம் 127 வோல்ட், அமெரிக்க வகை பிளக்.

வண்டி ஓட்டுவது, திருட்டு பற்றி?

வலப்பக்கம் ஓட்ட வேண்டும், நம் ஊருக்கு நேர்மாறு. போக்குவரத்து விளக்கு இல்லை. கழுதையும் ஆடும் சாலையைக் கடக்கும். ‘ஆயிரம் படிகள்’ தாண்டி வடக்கே போகும் கடற்கரைச் சாலை சிறிது தூரத்தில் ஒருவழியாகிவிடும், அதனால் திரும்பி வருவது ரிங்கான் ஊர் வழியாக.

டைவ் இடங்களில் நிற்கும் வண்டியிலிருந்து பொருட்கள் காணாமல் போவது உண்டு. பாஸ்போர்ட், பணம், போன், கேமரா எதையும் வண்டியில் வைக்காதீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, பூட்டாமல், காலி வண்டியாக நிறுத்துவதுதான் அங்கே வழக்கம். பூட்டினால் கண்ணாடி உடைவதுதான் மிச்சம்.

சைவம் கிடைக்குமா?

சமையலறை உள்ள வீட்டை எடுத்தால் கவலை இல்லை. காய்கறி, பருப்பு, அரிசி கடைகளில் உண்டு, ஏறக்குறைய எல்லாம் இறக்குமதி என்பதால் விலை கூடுதல். உள்ளூர்ச் சாப்பாட்டில் ஃபுன்ச்சி என்ற மக்காச்சோளக் களியும் வறுத்த வாழைக்காயும் சைவர்களுக்கு ஒத்துவரும். அசைவர்கள் ஆட்டுக்கறிக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, தாராளமாகக் குடிக்கலாம். புழங்குவது அமெரிக்க டாலர்.

கூட வருபவர்கள் டைவ் செய்யாவிட்டால்?

கிழக்கே லாக் பே விரிகுடாவில் தண்ணீர் இடுப்பளவுதான். விண்ட்சர்ஃபிங் கற்க அருமையான இடம், பக்கத்திலேயே அலையாத்திக் காடு. வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்கா, 1969இல் தொடங்கியது. தெற்கே உப்பளங்களில் பூநாரைகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். கிளைன் பொனேர் கரையோரத்தில் ஸ்நார்கலிங் செய்யலாம்.

பவளம் இன்னும் நன்றாக இருக்கிறதா?

கரீபியனின் பல இடங்களைவிட நன்றாக இருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. இங்கே ஆமைகளுக்கு 1961லும், ஈட்டியால் மீன் பிடிப்பதற்கு எதிராக 1971லும், பவளங்களுக்கு 1975லும் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1979இல் கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, தீவைச் சுற்றிய கடல் முழுவதும் பூங்காவானது. நங்கூரம் போடத் தடை, படகுகள் நிலையான மிதவைகளில் கட்டப்படுகின்றன. 1962இல் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கிய டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் இதற்கெல்லாம் பெரிய தூண்டுதல். 2014இல் அவர் இறக்கும் வரை தீவு அவரைக் கேப்டன் டான் என்றே அழைத்தது.

ஆனால் இப்போது பவளத்துக்குக் கஷ்ட காலம். கல் பவளங்களின் திசுவையே உரித்துப்போடும் ஒரு நோய் 2023இல் பொனேருக்கு வந்தது. ஃபுளோரிடாவில் 2014இல் முதலில் காணப்பட்ட அதே நோய். மூளைப் பவளம், தூண் பவளம் போன்ற மெதுவாக வளரும் வகைகளை அது சில வாரங்களில் கொன்றுவிடுகிறது. அதே ஆண்டு கடல் சூடேறி, பவளம் நிறம் இழக்கும் வெளுப்பும் வந்தது. நீங்கள் போகும்போது வெள்ளைத் திட்டுகளோடு நிற்கும் பெரிய பவளங்களைப் பார்ப்பீர்கள். பக்கத்திலேயே நலமாக இருப்பவையும் இருக்கும்.

இதில் நம் கையில் இருப்பது சில காரியங்கள். வேறு தீவில் டைவ் செய்துவிட்டு நேராக வந்தால் உடையையும் பிசிடியையும் கிருமிநாசினியில் கழுவிவிட்டு இறங்குங்கள். தீவுக்குள்ளும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது, டைவ் கடைகளில் வைத்திருக்கும் தொட்டிகளைப் பயன்படுத்துங்கள். நோய் உள்ள பகுதிக்கு அன்றைய கடைசி டைவாகப் போங்கள். சில இடங்கள் மூடப்பட்டிருந்தால் வாதாட வேண்டாம், வேறு மஞ்சள் கல்லைத் தேடிப் போகலாம்.

எவ்வளவு முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும்? எதில் சிக்கனம் செய்யலாம்?

ஆறு மாதம் முன்னால் தொடங்கினால் விசாவுக்கும் விமானத்துக்கும் நேரம் இருக்கும். வீடு, வண்டி, சிலிண்டர் மூன்றும் சேர்ந்த தொகுப்பாக எடுத்தால் தனித்தனியாக எடுப்பதைவிடப் பெரும்பாலும் மலிவு. கடலோர அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மிச்சம் பிடித்து இன்னும் இரண்டு நாள் தங்குங்கள். வண்டி இருக்கும்போது கடல் எங்கிருந்தும் சில நிமிடம்தான். வண்டிக் காப்பீட்டிலும், டைவ் காப்பீட்டிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.